நாடக வாத்தியார் ஒருவரின் தொழில் வரலாற்றை எழுதுவது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வழியாக மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், திருவிழாவுக்கு இரவு நாடகம் வைக்கும் வழக்கம் இன்னும் அறுந்துபோகவில்லை. அந்த மேடைகளில் வேஷம் கட்டிக்கொண்டே பாட்டும் வசனமும் எழுதியவர்களை ஊரார் ‘வாத்தியார்’ என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைப் பேரனோ பேத்தியோ, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ எழுத முன்வந்தால் எங்கே தொடங்குவது, எதைத் தேடுவது, எதை நம்புவது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வாத்தியார் ஒரே தொழிலைச் செய்தவர் அல்லர்: ஒரு காலத்தில் ராஜபார்ட் (கதாநாயக வேஷம்), பிறகு நாரதர், இடையில் நடிகர்களை ஊர்களுக்குப் பேசி அனுப்பும் ஏஜெண்ட், ஆடி கழிந்தால் உப்பளத்திலோ பனங்காட்டிலோ கூலி, கிழக்குத் தெரு இளைஞர்களுக்குச் சமூக நாடகம் எழுதிக் கொடுத்தவர், கடைசியில் பாடம் சொல்லித் தருபவர். இவை எல்லாவற்றையும் ‘கலைச்சேவை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் பட்டங்களை வரிசையாக அடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அப்படி எழுதினால் அவருடைய உழைப்பு மறைந்துபோகும் என்பது என் கருத்து. எந்த ஊரில், யார் அழைத்து, எந்த நாடகத்தில், என்ன வேஷத்தில், எந்தப் பாடத்தை (நாடகப் பிரதியை) வைத்துக்கொண்டு, என்ன சம்பளத்துக்கு மேடை ஏறினார் என்று இரவு இரவாகப் பின்தொடர்ந்தால்தான் அந்தப் பன்முக வாழ்க்கை தன் வடிவத்தைக் காட்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 1867இல் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், முதலில் உப்பளத்தில் கணக்கராக வேலை பார்த்தார். இருபத்து நான்கு வயதளவில் நாடகத்துக்கு வந்தார். எமன், இராவணன், இரணியன், சனீஸ்வரன் போன்ற அச்சமூட்டும் வேஷங்களைக் கட்டினார். பிறகு ஆசிரியராகவும் நாடகங்களை எழுதுபவராகவும் ஆனார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பழக்கினார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். கணக்கர், நடிகர், ஆசிரியர், எழுத்தாளர், சபை நடத்தியவர் என்ற இந்த ஐந்தையும் தனித்தனியே பார்க்கும்போதுதான், நடிகனின் மூச்சுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய பாட்டுகள் அவை என்பது புரிகிறது. அதே காலத்தில் சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர்; தம் மேடை நினைவுகளைத் தாமே எழுதிவைக்கும் வசதி அவருக்கு இருந்தது. நம் கடற்கரை வாத்தியாருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. ஆகவே அந்த வேலை உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் எங்கும் பதிவேடு கிடைக்காது

சிறுவர்களைப் பழக்கி நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் முதலாளி, வாத்தியார், நடிகர்கள், சமையற்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். யாருக்கு என்ன சம்பளம் என்று கணக்கும் இருந்தது. இந்தக் கடற்கரையில் இப்போது நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்ற ஒன்றே கிடையாது. விழாக் கமிட்டியார் ஏஜெண்டிடமோ நடிகர் சங்கத்திடமோ போய், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பக்கவாத்தியம்) என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஒத்திகை இல்லை. மதுரையிலிருந்து ஒருவரும், புதுக்கோட்டையிலிருந்து ஒருவரும், பக்கத்து ஊரிலிருந்து ஒருவருமாக வந்து இரவு பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொள்ளும்போதுதான் சந்திக்கிறார்கள். விடிந்ததும் அவரவர் பஸ்ஸுக்குப் பிரிகிறார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்ற சுவாமிகளின் பாடங்கள் எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது.

இதன் விளைவு, எழுதுபவருக்கு மிக முக்கியமானது. கம்பெனி இல்லாததால் கம்பெனிக் கணக்கும் இல்லை. ஒருவர் நாற்பது ஆண்டு நடித்திருந்தாலும் அதற்கான சாட்சியம் நாற்பது ஊர்களின் கமிட்டிக்காரர்களிடமும், அவரோடு மேடை ஏறிய சக கலைஞர்களிடமும், அவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் சிதறிக் கிடக்கும். இந்தப் பெட்டியிலிருந்து தொடங்குவதே நல்லது. பேச்சு பிறகு.

நோட்டீஸை வாசிப்பது

பெட்டியில் கிடைப்பவற்றில் விலைமதிப்பற்றது நாடக நோட்டீஸ். பழைய நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வண்ணத்தாள், தலைப்பில் அம்மனின் பெயர், அதன் கீழே திருவிழாவை ‘முன்னிட்டு’ என்ற வரி, தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை, நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில், பின்னர் கட்டம் கட்டமாகக் கலைஞர்களின் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் பட்டம், பெயர், ஊர், பார்ட், அடியில் சீன், மைக் செட் விவரம், ‘இப்படிக்கு விழாக் கமிட்டியார்’, மூலையில் அச்சகத்தின் பெயர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது விளம்பரம். நமக்கு இதுவே பணிப் பதிவேடு.

படம் எவ்வளவு பெரியது, எந்த வரிசையில் இருக்கிறது என்பது அந்த ஆண்டில் அவருக்கு இருந்த மதிப்பைக் காட்டும். பத்து நோட்டீஸ்களை வரிசைப்படுத்தினால், மேல் வரிசையில் ராஜபார்ட்டாக இருந்தவர் எந்த ஆண்டில் நாரதராக மாறினார், எப்போது படம் சிறுத்தது, எப்போது ‘கதை, வசனம்’ என்ற வரியில் மட்டும் பெயர் வந்தது என்பதெல்லாம் தெரியும். பெயருக்குப் பின்னால் வரும் ஊர் அவர் பிறந்த ஊராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் தங்கியிருந்த ஊராகவோ, சேர்ந்திருந்த சங்கத்தின் ஊராகவோ இருக்கலாம். இதைக் கவனிக்காமல் ‘பரமக்குடியில் பிறந்தார்’ என்று எழுதிவிடுவது எளிது.

தேதி தெரியாத நோட்டீஸ்தான் பெரிய சிக்கல். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1964இலும் குரோதி, 2024இலும் குரோதி. தமிழ்த் தேதியையும் கிழமையையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஆங்கிலத் தேதி உறுதியாகும். வருடமே அச்சிடப்படாமல் ‘பங்குனி 12, வெள்ளி’ என்று மட்டும் இருந்தால் வேறு தடயங்கள் வேண்டும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது, ஏனெனில் அஞ்சல் துறை அப்போதுதான் அதை அறிமுகப்படுத்தியது. ‘லை’, ‘னை’, ‘றா’, ‘ணா’ போன்ற எழுத்துகள் பழைய வடிவத்தில், அதாவது முன்னால் துதிக்கை போல் வளைந்தோ, துணைக்கால் எழுத்தோடு ஒட்டியோ இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறிய அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளையே அதன் பின்னும் பயன்படுத்தியதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ‘இராமநாதபுரம் மாவட்டம், சிவகாசி’ என்றோ ‘முகவை மாவட்டம், காரைக்குடி’ என்றோ இருந்தால் திகைக்க வேண்டாம்: 1910இல் உருவான பழைய மாவட்டம் 1985இல்தான் மூன்றாகப் பிரிந்து, சிவகங்கையும் விருதுநகரும் தனியாகப் போயின. அந்த முகவரி பிரிவினைக்கு முந்தைய காலத்தைக் காட்டுகிறது. தொலைபேசி எண்ணின் நீளமும் உதவும். மூன்று இலக்க எண் உள்ள அச்சகமும் பத்து இலக்கச் செல்பேசி எண் உள்ள அச்சகமும் ஒரே காலத்தவை அல்ல.

ஒரு எச்சரிக்கை. நோட்டீஸ் நாடகத்துக்கு முன்பே அச்சாவது. அதில் பெயர் இருப்பவர் அன்றிரவு வராமல் போயிருக்கலாம், அவருக்குப் பதில் வேறொருவர் வேஷம் கட்டியிருக்கலாம். ‘இந்த நாடகத்துக்குப் போனீங்களா?’ என்று நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கேட்பதே முறை.

கடற்கரை வீடுகளில் காகிதம் விரைவில் கெடும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து பின்னைத் துருப்பிடிக்க வைத்து, அது இருந்த இடத்தில் தாளை அரித்துவிடும். பின்னை மெதுவாக நீக்கிவிட்டு, காலை நேரத்தில் வாசல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடாமல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்பக்கத்தில் பஸ் செலவோ பாட்டின் இரண்டு வரியோ எழுதியிருப்பார்கள். படமெடுத்ததும் தாளை அந்த வீட்டிலேயே, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் சுத்தமான பருத்தித் துணியிலோ காகித உறையிலோ வைத்துக் கொடுத்துவிட வேண்டும். ‘ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்’ என்று எடுத்துப்போன நோட்டீஸ்களும் போட்டோக்களும் திரும்பி வராத வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். அதனாலேயே பெட்டியைத் திறக்கத் தயங்குகிறார்கள்.

பேச்சு எடுப்பது

தை மாதத்துக்குப் பின் தொடங்கி, பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்துக்கு வந்து, ஆடி வரை ஓடுவது நாடக சீசன். அந்த மாதங்களில் இன்னும் நடித்துக்கொண்டிருப்பவரிடம் பேட்டி கேட்பது பொருத்தமல்ல. நாடகத்தைப் பார்க்க மட்டும் போங்கள். இரவெல்லாம் நின்று பாடியவர் பகலில் உறங்குவார். காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவது முதல் சந்திப்பையே கெடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இந்த வேலைக்கு உகந்த காலம். வாடைக்காற்று வீசும் அந்த நாட்களில் மேடையும் இல்லை, பேச ஆளும் இல்லை, ஆகவே பேசுவார்கள். விழாக் கமிட்டியில் இருந்த மீனவர்களைச் சந்திக்க வேண்டுமென்றால், விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருப்பதால், அந்த 61 நாளில் பெரும்பாலோர் கரையில் இருப்பார்கள்.

‘எந்த வருஷம்?’ என்ற கேள்வி பலன் தராது. இந்தக் கரையில் காலத்தை நினைவில் வைக்கும் முறையே வேறு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை வைத்து ‘புயலுக்கு முந்தி’, ‘புயல் கழிஞ்சு’ என்று சொல்வார்கள். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 என்பதால் ‘பாலம் வந்த பிறகு’ என்பதும் நல்ல அடையாளம். ‘ராமேஸ்வரத்து நாடகத்துக்கு ரயில்ல போனீங்களா, பஸ்லயா?’ என்று கேட்டுப்பாருங்கள். ரயிலில் போனேன், ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினோம் என்றால் அது பெரும்பாலும் 1988க்கு முந்தைய கதை. கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, எந்தத் தேர்தல் என்பனவும் உதவும்.

மரியாதை முறையை விட்டுவிடக் கூடாது. ஊரார் ‘வாத்தியாரே’ என்றால் நீங்களும் அப்படியே அழைக்கலாம். உறவுக்காரராக இருந்தால் ‘மாமா’, ‘சித்தப்பா’, ‘தாத்தா’ என்ற முறையே பொருந்தும். ‘சார்’ என்று அழைத்தால் அவரும் அதிகாரியிடம் பேசுவது போலச் சுருக்கமாகப் பேசிவிடுவார். ஸ்திரீபார்ட் கட்டியவரை ‘அக்கா’, ‘அம்மா’ என்று அழையுங்கள். ‘வாத்தியாரே, மொதப் பாடம் யாரு சொல்லிக் குடுத்தாங்க?’ என்ற கேள்வி பல கதவுகளைத் திறக்கும். அதற்கு விடை ஒரு பெயராக வரும்; அந்தப் பெயரிலிருந்து குரு, குருவின் குரு, எந்தக் கம்பெனி, எந்தச் சங்கம் என்று பேச்சு தானாக நீளும். ‘உங்க சாதனை என்ன?’ என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும்.

குரலைப் பற்றிக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எத்தனை கட்டையில் (சுதி உயரத்தில்) பாடினார், பிறகு எத்தனைக்கு இறக்கினார் என்பது நாடகக்காரரின் வாழ்க்கையில் ஊதிய உயர்வு, பதவி மாற்றம் போன்ற செய்திகளுக்குச் சமமானது. மைக் பரவலாகாத நாட்களில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடியவர்தான் ராஜபார்ட். கட்டை இறங்கியதும் பெரும்பாலோர் வேறு வேஷத்துக்கோ, எழுத்துக்கோ, பாடம் சொல்வதற்கோ திரும்பினார்கள். ‘ஏன் எழுத ஆரம்பிச்சீங்க?’ என்ற கேள்விக்கு ‘கலை ஆர்வம்’ என்று பதில் வரும். ‘எப்போ கட்டையைக் கொறச்சீங்க?’ என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் உண்மைக் காரணம் இருக்கும். இதை அவரைவிட ஆர்மோனியக்காரர் துல்லியமாகச் சொல்வார். எல்லா நடிகர்களுக்கும் வாசித்தவர் என்பதால், யாருக்கு எந்தச் சுதி, யார் யாருடைய பாட்டை எடுத்துப் பாடினார், யார் மேடையில் நடக்கும் தர்க்கத்தில் (வாதப் போட்டியில்) தோற்றுத் திணறினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். என்னைக் கேட்டால், வாத்தியாரிடம் இரண்டாவது முறை போவதற்கு முன் ஆர்மோனியக்காரரிடம் ஒருமுறை போய்விட வேண்டும்.

பதிவு செய்ய நல்ல செல்பேசி ஒன்று போதும். கடற்காற்று ஒலிவாங்கியில் விழுந்தால் பேச்சு கேட்காது. ஆகவே வாசல் திண்ணையைத் தவிர்த்து வீட்டின் பின்கட்டில் உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், மடித்த துணியின் மேல் போனை வையுங்கள், அழைப்பு வராதபடி செய்துகொள்ளுங்கள். கோப்புக்கு ஊர், தேதி, பேசியவர் பெயர் இட்டு அன்றே இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.

நோட்டுப் புத்தகமும் ‘எழுதியவர்’ என்ற சொல்லும்

நடிகரின் வரலாற்றைவிட எழுத்தாளரின் வரலாறு சிக்கலானது. ‘முப்பது நாடகம் எழுதியிருக்கேன்’ என்று வாத்தியார் சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் அந்த முப்பதும் ஒரே வகை அல்ல. சுவாமிகளின் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வசனத்தை மட்டும் புதிதாகக் கட்டியவை சில. நாரதர்-வள்ளி தர்க்கத்துக்குக் கேள்வி-பதில் சேர்த்தவை சில. பழைய கதைக்குப் புதிய பாட்டுகள் எழுதியவை சில. இளைஞர் மன்றத்துக்கோ பள்ளிக்கோ முழுக்கத் தாமே எழுதிய சமூக நாடகங்கள் சில. வசனத்தைக் கட்டுவதும் எழுத்துதான், அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஸ்பெஷல் நாடகத்தில் அன்றிரவு எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்றே தெரியாத நிலையில் பதிலை ஆயத்தமாக வைத்திருப்பது தனித் திறமை. ஆனால் எது எந்த வகை என்று பிரித்து எழுதினால்தான் அவருடைய பங்கு எதுவென்று வாசகருக்குத் தெரியும்.

இதற்கு அவருடைய கோடு போட்ட நோட்டுதான் சான்று. பக்கத்தின் தலைப்பில் கதாபாத்திரத்தின் பெயர், அடுத்து ராகம், தாளம், சில இடங்களில் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்ற குறிப்பு, பிறகு பல்லவி. அந்த மெட்டுக் குறிப்பைக் கவனியுங்கள். சினிமாப் பாட்டின் மெட்டில் எழுதியிருந்தால், அந்தப் படம் வெளியான ஆண்டுக்கு முன்பு அந்த வரிகள் எழுதப்பட்டிருக்க முடியாது. நோட்டின் எந்தப் பக்கத்திலும் தேதி இல்லாவிட்டாலும் மெட்டுகளை வைத்தே காலத்தை நெருங்கிவிடலாம். மையின் நிறம் மாறும் இடம், கையெழுத்து நடுங்கத் தொடங்கும் இடம், வேறொருவர் கையெழுத்தில் வரும் பக்கங்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மனைவியோ மகளோ எழுதிக் கொடுத்த பக்கங்களாக அவை இருக்கலாம். அப்படியானால் அவர்களையும் கேட்டு, பெயரோடு எழுத வேண்டும்.

தொழில்முறைப் பாடலாசிரியர் ஒருவர் நாள்தோறும் எதையெல்லாம் குறித்துவைக்கலாம் என்பதற்கு மதுரகவி பாஸ்கரதாஸ் நல்ல சான்று. மேடைக்குத் தேசியப் பாடல்களும், 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்துக்குப் பாடல்களும் எழுதிய அவருடைய நாட்குறிப்புகள் பிற்காலத்தில் அச்சாகியுள்ளன. அவற்றைப் படித்துவிட்டுப் போனால் என்ன கேட்பது என்று தெரியும்: பாட்டுக்கு எவ்வளவு கூலி, யார் கேட்டார், எந்த ஊருக்குப் பயணம், பணம் வந்ததா.

கடற்கரையில் மேடை என்பது அம்மன் கோயில் மேடை மட்டுமன்று என்பதையும் மறக்கக் கூடாது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25ஐ ஒட்டி வரும். கத்தோலிக்க ஊர்களில் ஞானசௌந்தரி போன்ற கதைகளும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகமும் மேடையேறியிருக்கின்றன. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் மேல் நொண்டி நாடகமே பாடப்பட்டிருக்கிறது. ஆகவே வாத்தியார் எந்தெந்தத் தெருவுக்குப் பாடம் சொன்னார், எந்தப் பாதிரியாரோ ஜமாஅத்தாரோ அழைத்தார், அப்போது எதை மாற்றி எழுதினார் என்று தனியாகக் கேளுங்கள். புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் இலங்கைக்கு நாடகத்துக்குப் போனவர்களும் உண்டு. பழைய பாஸ்போர்ட் பெட்டியில் இருந்தால் அதிலுள்ள முத்திரைகள் தேதியைச் சொல்லிவிடும்.

சரிபார்ப்பது

நினைவு பெரிய பெயர்களை நோக்கியே சாயும். ‘கிட்டப்பாவோட நடிச்சவரு எங்க தாத்தா’ என்று வீட்டார் சொன்னால், புகழ்பெற்ற பாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார் என்பதை நினைவில் கொண்டு தாத்தாவின் பிறந்த ஆண்டைப் பாருங்கள். நாடக நடிகர் விசுவநாத தாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர்விட்டவர். 1935இல் பிறந்த ஒருவர் அவரோடு நடித்திருக்க முடியாது. இப்படிப்பட்ட கூற்று தவறு என்று தெரிந்ததும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பெரும்பாலும் குருவுக்கு நடந்தது சீடருடையதாகச் சொல்லப்பட்டிருக்கும், அல்லது ‘அவர் பாட்டைப் பாடி நடித்தார்’ என்பது ‘அவரோடு நடித்தார்’ என்று சுருங்கியிருக்கும். மெதுவாகத் திருப்பிக் கேட்டால் அசல் செய்தி வெளியே வரும்.

ஒரு செய்தியை இரண்டு வேறு வழிகளில் உறுதிசெய்ய முடிந்தால் உறுதியாக எழுதுங்கள். ஒரே வழிதான் என்றால் ‘என்று சொல்கிறார்’ என்று எழுதுங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களையும் அச்சு நாடகப் பிரதிகளையும் ஒப்பிட வேண்டியிருந்தால், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதலாம். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த சேகரத்தில் வேர்கொண்ட நூலகம் அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பல நாடக நூல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

எழுதும்போது

பிறப்பு, கல்வி, திருமணம், விருது, மறைவு என்ற வழக்கமான வரிசையில் எழுதினால் மழைக்கால மாதங்களும் உப்பள வேலையும் இடமில்லாமல் வெளியே நின்றுவிடும். வேஷத்தையும் வேலையையும் வைத்துப் பகுதி பிரிப்பதே சிறந்தது: பின்பாட்டுப் பாடிய காலம், ராஜபார்ட் காலம், ஏஜெண்டாக இருந்த காலம், எழுதிய காலம், பாடம் சொன்ன காலம். ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கியிருக்கும். அந்தக் கலப்பை மறைக்காமல் எழுதுங்கள். சீசன் இல்லாத மாதங்களில் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கோ, சாயல்குடிப் பக்கம் கரிமூட்டத்துக்கோ போயிருந்தால் அதையும் அதே பகுதியில் எழுத வேண்டும். உப்பளக் கூலியில் அடுப்பு எரிந்ததால்தான் நாடகம் தொடர்ந்தது என்றால், அது நாடக வரலாற்றின் பகுதியே.

‘நாடக உலகில் கொடிகட்டிப் பறந்தார்’ என்ற வாக்கியம் எவருக்கும் பொருந்தும், ஆகவே எவரையும் காட்டாது. ‘அந்த ஆண்டு பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமணத்தின் வேலன், வேடன், விருத்தன் மூன்றையும் அவரே கட்டினார், விருத்தனுக்கு நரைத்தாடி ஒட்டிய பசை காயவில்லை என்பதால் அந்தக் காட்சி முழுவதும் தாடையைப் பிடித்துக்கொண்டே பாடினார்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்தால், அதற்காக மூன்று பட்டங்களை விட்டுக்கொடுக்கலாம். சம்பளத்தை எழுதும்போது தொகையோடு, அன்றைக்கு அதில் எத்தனை படி அரிசி வாங்கலாம் என்பதையும் கேட்டு எழுதுங்கள்; வெறும் எண் இன்றைய வாசகருக்கு எதையும் உணர்த்தாது.

சக நடிகையரைப் பற்றி எழுதும்போது தனிக் கவனம் தேவை. நாடகத்தில் நடித்ததை மறைத்துப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த குடும்பங்கள் இருக்கின்றன. நோட்டீஸில் பெயர் இருக்கிறது என்பதாலேயே அதை இப்போது மறுபடி அச்சிட உங்களுக்கு உரிமை வந்துவிடாது. அவரையோ குடும்பத்தையோ கேட்டு, வேண்டாம் என்றால் பார்ட்டை மட்டும் எழுதுங்கள். அதுபோல, வாத்தியாரின் நோட்டிலுள்ள நாடகங்கள் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டும் அவருக்கும் வாரிசுகளுக்கும் உரியவை. படமெடுக்க அனுமதித்தார் என்பது இணையத்தில் ஏற்ற அனுமதித்தார் என்றாகாது. எதை வெளியிடலாம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

இந்த வேலையால் அவருக்கு நேரடிப் பயனும் உண்டு. மாவட்டக் கலை மன்றம் வயதுப் பிரிவுப்படி வழங்கும் விருதுகளில் 51 முதல் 65 வரை உள்ளவர்களுக்குக் கலை நன்மணியும் 66 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கலை முதுமணியும் உள்ளன. நலிந்த கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகையும் இருக்கிறது. விண்ணப்பத்தோடு கலைப்பணிக்கான சான்றுகளை இணைக்க வேண்டியிருக்கும்போது, தேதி வாரியாக அடுக்கிய நோட்டீஸ் நகல்களும் நாடகப் பட்டியலும் ஆயத்தமாக இருந்தால் அலைச்சல் குறையும். ஆகவே கட்டுரை முடியும் வரை காத்திராமல், அந்தப் பட்டியலை மட்டும் முதலில் தட்டச்சு செய்து குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள்.

முழுப் பிரதி ஆனதும் அதை அச்சுக்கோ இணையத்துக்கோ அனுப்புவதற்கு முன் வாத்தியாருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கண் மங்கியவரானாலும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர் என்பதால் பிழையை அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். ஆர்மோனியக்காரரும் உடன் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் சொன்ன திருத்தங்களையும், ஒத்துப்போகாத இடங்களில் இருவரும் சொன்னதையும் தேதியிட்டுப் பிரதியின் கடைசியில் சேர்த்து, ஒரு நகலை வீட்டுக்கும், ஒன்றை அவர் சேர்ந்திருந்த நடிகர் சங்கத்துக்கும், ஒன்றை இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கும் கொடுங்கள். குரல் பதிவுகளை மட்டும், குடும்பம் சம்மதித்த அளவுக்கு, தனியாக ஒரு பென்டிரைவில் பிரதியோடு வைத்துவிடலாம்.